செயனிரலும் பின்வருவோரும்

கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவையே செயனிரல் எனப்படும். அஃது எழுதப்படுவது ஒருமுறை, படிக்கப்படுவதோ பன்முறை. எழுத்துப் பிழையற்றிருப்பின் கணினி அதனை ஏற்கும். ஆயின் பிற்காலத்தில் அதனைத் திருத்தப் புகும் மனிதனுக்கும் அது விளங்குதல் வேண்டும். இதனை மறந்தோர் கைக்கொள்ளும் தீய வழக்கங்கள் மூன்றினை நம் மலைநாட்டு வாழ்வினின்று எடுத்துக் காட்டுவாம்.

முதலாவது, எண்களைப் பெயரின்றி ஆங்காங்கே பொறித்தல். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. சம்பளச் செயனிரல் ஒன்றில் 1000 என்னும் எண் 20 இடங்களில் உளதெனக் கொள்வோம். பத்தொன்பதைத் திருத்தி ஒன்றை விட்டுவிடின், அரைப்பேருக்குரிய கூலி மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கக்கூடும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றலாமே எனின், கிராமைக் கிலோகிராமாக்க வகுக்கும் 1000 உம் உடன்மாறிக் கொழுந்தின் நிறை பிழைபடும். 'நாட்சம்பளம்' என்னும் பெயரோடு, நடைமுறைக்கு வந்த நாளையும் சேர்த்து ஓரிடத்தில் வைப்பின், புதிய கணக்கும் பழைய நிலுவையும் ஒருங்கே செம்மையுறும்.

இரண்டாவது, ஒரே சோதனையைப் பல இடங்களிற் படியெடுத்தல். பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 9 எண்களும் ஓர் எழுத்தும் கொண்டது. பிறந்த ஆண்டுக்கு ஈரிலக்கமே உண்டு. 2016 முதல் நான்கிலக்க ஆண்டுடன் 12 எண்கள் வழங்கலாயின. படியெடுத்த சோதனைகளுள் ஒன்று திருத்தப்படாது தப்பினும், புதிய அட்டை பெற்ற இளைஞரின் பதிவு அவ்விடத்தில் மறுக்கப்படும்.

மூன்றாவது, காரணம் குறியாமை. அவ்விலக்கத்தில் பெண்களுக்குப் பிறந்த நாளெண்ணோடு 500 கூட்டப்படும். இஃதறியாதான் ஒருவன், '500 கழிக்க' என்னும் வரியை வீணெனக் கருதி நீக்குவானாயின், பெண்கள் அனைவரின் பிறந்த நாளும் பிழையாகும். ஒருவரிக் குறிப்பு அதனைத் தடுத்திருக்கும்.

கணக்கப்பிள்ளை இடமாற்றம் பெற்றுச் சென்றபின், அவர் எழுதிய செக்ரோலைப் படித்து அடுத்தவர் பேர் போட இயலுதல் வேண்டும். பத்திகளுக்குத் தலைப்பு இடுவது அதன்பொருட்டே. செயனிரலுக்கும் அதுவே அளவுகோல். அதன் பிழை ஈற்றில் வந்து விழுவது, சம்பளச் சீட்டை ஏந்தி நிற்கும் தொழிலாளியின் தோளிலேயாம். இதனை மாணவர் மனத்திருத்துக.