சேர்ந்து வாங்குவோம், சேதம் தவிர்ப்போம்

வயல் இருந்தபோது நாம் அரிசிக்குக் கடைக்குப் போனதில்லை. 2006இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தவர்கள், நிவாரணத்துக்கு மேல் வேண்டியதற்கெல்லாம் கடையையே நம்பினார்கள். 2015க்குப் பின் பலர் ஊர் திரும்பினாலும், 2022இல் விலைவாசி மீண்டும் நெரித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவு விலை ஓராண்டில் 94.9 வீதம் ஏறியிருந்தது.

கையில் காசு குறைந்தவரே கூடிய விலை கொடுக்கிறார். அன்றாடக் கூலியில் 100 கிராம் பருப்பாக வாங்குகிறோம். அந்தச் சிறு பைக்கற்றின் விலையைப் பத்தால் பெருக்கி, ஒரு கிலோ விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொப்பிக் கடன் என்றால் விலை கேட்கவும் நா எழாது.

இதற்கு வழி உண்டு. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் 28 பேர் காசு சேர்த்து மா, சீனி, வெண்ணெய் விற்கும் கடை திறந்தார்கள். நமது சங்கக்கடைகளும் அந்த வழியில் வந்தவையே.

நாமும் ஐந்து வீட்டார் சேரலாம். பருப்பு, சீனி, சவர்க்காரம் போன்றவற்றை மொத்தமாக வாங்கி, எல்லோர் முன்னிலையிலும் நிறுத்துப் பங்கிடுவோம். கணக்கை ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்கட்டும். இதில் கடன் வேண்டாம். வண்டு விழுமுன் தீரும் அளவே வாங்கி, மூடியுள்ள தகரத்தில் வைப்போம். மலிவென்று வாங்கி எறிந்தால் மிச்சம் ஏது?

இந்த வாரம் பருப்பில் தொடங்குவோம். மிஞ்சும் காசைத் தனியே எடுத்து வைப்போம். அது விதைநெல்லுக்கு உதவும்.