காலையில் விரல் மடங்கவில்லையா? வலி மாத்திரை மட்டும் போதாது!

காலையில் எழுந்ததும் செல்போன் அலாரத்தை நிறுத்தக்கூட விரல் ஒத்துழைக்கவில்லையா? சட்டை பட்டன் போட, இட்லிப் பானை மூடியைத் தூக்கச் சிரமமாக இருக்கிறதா? ஒரு மணி நேரம் ஆனால்தான் கை வழிக்கு வருகிறதா? "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். இது முடக்குவாதமாக இருக்கலாம். ஊர்ப்பக்கம் 'சரவாங்கி' என்பார்கள். ஆங்கில மருத்துவத்தில் இதன் பெயர் ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்.

தேய்மானம் வேறு, முடக்குவாதம் வேறு

கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்பு சக்தி, தவறுதலாக நம் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். வயதானவர்களுக்குத்தான் வரும் என்றில்லை. 30 முதல் 50 வயதுக்குள் பலருக்கு ஆரம்பிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

மூட்டுத் தேய்மானத்தில் நடக்க நடக்க, வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் ஓய்வுக்குப் பிறகு, முக்கியமாகக் காலையில், இறுக்கம் அதிகம். விரல் கணுக்கள், மணிக்கட்டு, கால் விரல்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும். கூடவே அசதி, லேசான காய்ச்சல், பசியின்மை வரலாம்.

சிக்குன்குனியாவுக்குப் பிறகும் இதே மாதிரி மூட்டு வலி வருவதுண்டு. அதனால் நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ஆறு வாரம் தாண்டியும் வீக்கம் இருந்தால் கட்டாயம் டாக்டரைப் பாருங்கள். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகள் உதவும். ஆர்.ஏ. ஃபேக்டர் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் நோய் இருக்கலாம் என்பதை மறக்காதீர்கள்.

வலி போனால் நோய் போய்விட்டதா?

இல்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் வலி மாத்திரை வலியையும் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். உள்ளே மூட்டு அரிக்கப்படுவதை அது நிறுத்தாது. அதையே மாதக்கணக்கில் சாப்பிட்டால் வயிற்றுப் புண், சிறுநீரகப் பாதிப்பு வரலாம். 'ஒரே ஊசியில் வலி போயிடும்' என்று போடப்படும் ஊசியிலும், பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியிலும் ஸ்டீராய்டு இருக்க வாய்ப்புண்டு. தெரியாமல் தொடர்ந்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் கூடும், எலும்பு பலவீனமாகும்.

ஒருமுறை கோணிய விரலை மாத்திரையால் நிமிர்த்த முடியாது. கோணாமல் தடுக்க முடியும். அதற்குத்தான் நோயின் போக்கையே கட்டுப்படுத்தும் மருந்துகள் இருக்கின்றன. பலருக்கும் முதலில் தரப்படுவது மெத்தோட்ரெக்சேட். இது வேலை செய்ய 6 முதல் 12 வாரம் ஆகும். "ரெண்டு வாரமா சாப்பிடுறேன், ஒண்ணும் கேக்கல" என்று நிறுத்திவிடாதீர்கள். அதுவரை வலியைச் சமாளிக்க வேறு மருந்தை டாக்டர் தருவார்.

இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்

முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து.

• எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தக் கிழமைக்கு மட்டும் போனில் அலாரம் வையுங்கள். அம்மா, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துத் தரும் பிள்ளைகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.
• ஃபோலிக் ஆசிட் மாத்திரையை டாக்டர் சொன்ன நாளில் தவறாமல் சாப்பிடுங்கள்.
• ரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைச் சொன்ன தேதியில் செய்யுங்கள். மது கூடாது.
• கர்ப்பிணிகள் இதைச் சாப்பிடக் கூடாது. குழந்தை பெறும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லுங்கள்.
• வாய்ப்புண், காய்ச்சல், ரத்தக்கசிவு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
• சளி, காய்ச்சலுக்கு வேறு டாக்டரைப் பார்த்தாலும் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். சில ஆன்டிபயாடிக் இதோடு சேராது.

வீட்டில் செய்யக்கூடியவை

காலை இறுக்கத்துக்கு, பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை 10 நிமிடம் வைத்து, மெதுவாக விரல்களை மடக்கி நீட்டுங்கள். மூட்டு சூடாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் இதமாக இருக்கும். வலி அதிகமான நாளில் ஓய்வு கொடுங்கள். மற்ற நாட்களில் நடையும், இயன்முறை மருத்துவர் சொல்லித்தந்த பயிற்சியும் அவசியம். அசைக்காமலே வைத்திருந்தால் மூட்டு இன்னும் இறுகிவிடும்.

காய்கறிப் பையை விரலில் தொங்கவிடாமல் தோளில் மாட்டுங்கள். குடத்தைத் தூக்க இரண்டு கையையும் பயன்படுத்துங்கள். கரண்டிப் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்கச் சுலபம். போனில் கட்டைவிரலால் தட்டுவதற்குப் பதிலாக, மைக் குறியைத் தொட்டுத் தமிழிலேயே பேசினால் தானாக எழுத்தாகும். புகைப்பழக்கம் நோயைத் தீவிரமாக்கும்; விட்டுவிடுங்கள்.

எங்கே போவது?

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். இ-சஞ்சீவனி செயலியில் வீட்டிலிருந்தே டாக்டரிடம் வீடியோவில் ஆலோசனை கேட்கலாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இந்நோய்க்கென ரூமட்டாலஜி துறை இருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் தனித் துறை இல்லையென்றால், பொது மருத்துவம் ஓ.பி.யில் காட்டுங்கள், தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கிளம்பும் முன் ஒரு சின்ன வேலை. காலையில் வீங்கியிருக்கும்போதே இரண்டு கைகளையும் போனில் படம் எடுங்கள். டாக்டரைப் பார்க்கும் நேரத்துக்குள் வீக்கம் வடிந்திருக்கலாம். இறுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது, எந்தெந்த மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். "எங்கே வலிக்குது?" என்று டாக்டர் கேட்டதும் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.