கடோத்கசனின் மென்முகம்

உப்பளப் பாத்திகளில் வெயில் ஏறத் தொடங்கும் பங்குனி மாதத்தில், மரக்காணம், பிரம்மதேசம் வட்டாரத்தில் பாரதக் காலமும் தொடங்கிவிடும். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழும். செஞ்சியை அடுத்த மேலச்சேரிதான் திரௌபதி அம்மன் வழிபாட்டின் தாயகமாகப் போற்றப்படுகிறது என்பதால், இப்பகுதி மக்களுக்குப் பாரதம் ஏட்டில் உள்ள கதை அன்று; ஊரில் நடக்கும் கதை.

கூத்தில் அரக்கன் வரும் முறையைக் கூர்ந்து நோக்க வேண்டும். இருவர் ஒரு திரையைப் பிடித்து நிற்பர். முதலில் வேடம் தெரியாது. திரைக்குப் பின்னாலிருந்து சலங்கை ஒலியும் அதட்டற் குரலும் மட்டுமே கேட்கும். முன்வரிசைச் சிறுவர் பாட்டியின் மடியில் முகம் புதைப்பது அப்போதுதான். திரை விலகியதும் கட்டியங்காரன் அஞ்சாமல் எதிரே வந்து, "ஐயா, தாங்கள் யாரோ?" என்று வினவுவான். அரக்கன் தன் பெயரும் குலமும் வந்த காரணமும் உரைப்பான். இடையில் கட்டியங்காரனின் கேலிக்கும் ஆளாவான். புதைந்த முகங்கள் ஒவ்வொன்றாக நிமிரும். பாரதத்து அரக்கர் எல்லாரும் நல்லவர் அல்லர், பகாசுரன் பகாசுரனே. ஆயினும் யாரென்று கேட்டுத் தெரிந்தபின் நமக்குள் இருந்த அச்சத்தின் அளவு குறைந்துவிடுகிறது.

உலகெங்கும் சிறுவர்க்கென எடுக்கப்படும் அசைவூட்டப் படங்களில், தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சாதுவான அரக்கன் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்கிறோம். 2001இல் வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ், இன்க்.' என்னும் படத்தில் குழந்தைகளை அச்சுறுத்துவதையே தொழிலாகக் கொண்ட அரக்கர்கள், ஒரு சிறு பெண்குழந்தையைக் கண்டு நடுங்குகிறார்கள். நம்மிடம் இத்தகைய பாத்திரம் உண்டா என்று தேடினால், நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்த கடோத்கசன் இருக்கிறான்.

'கடம்' என்றால் குடம். 'உத்கசம்' என்றால் மயிரற்றது. குடம்போன்ற வழுக்கைத் தலையோடு பிறந்தமையால் இப்பெயர். பிறந்த கணமே வளர்ந்து ஆளானவன் என்பது கதை. அரக்கி பெற்ற மகனாயினும், தந்தை நினைத்தபோதெல்லாம் வந்து நிற்பவன். வனவாச காலத்தில் இமயச் சாரலில் நடந்து களைத்துத் திரௌபதி மயங்கி விழுந்தாள். அப்போது வீமன் நினைக்க வந்து, அவளைச் சுமந்து சென்றவன் இவனே.

தமிழ்நாட்டின் வெள்ளித்திரை இவனை மறக்கவில்லை. 1957இல் விஜயா நிறுவனம் தெலுங்கிலும் தமிழிலும் எடுத்த 'மாயா பஜார்' படத்தை கே. வி. ரெட்டி இயக்கினார். அதில் எஸ். வி. ரங்காராவ் கடோத்கசனாக நடித்தார். பலராமன் மகள் வத்சலாவை அபிமன்யுவுக்கு மணமுடிப்பதற்காக, அவன் தானே வத்சலாவின் உருவெடுத்து மணமகன் வீட்டாரை அலைக்கழிக்கும் கதை அது. வியாச பாரதத்தில் இக்கதை இல்லை. மக்கள் வழக்கிலும் நாடக மேடையிலும் வளர்ந்தது. கலியாணத்துக்காகச் சமைத்த பண்டங்களை அவன் ஒருவனே உண்டு தீர்க்கும் காட்சியில், திருச்சி லோகநாதன் குரலில் பாட்டு ஒலிக்க, லட்டுகள் தாமே எழுந்து அவன் வாய்க்குள் செல்லும். கணினி இல்லாத காலத்தில், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவுக் கருவி செய்த விந்தை அது. அந்த உருவமும் மீசையும் கதாயுதமும் அச்சுறுத்த வேண்டியவை. ஆனால் ரங்காராவின் வெடிச்சிரிப்பு அவற்றையெல்லாம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்து வந்துவிடுகிறது. இதற்கு ஈடான அரக்க வேடம் நம் திரையில் பின்னர் வரவில்லை என்றே கூறலாம்.

அப்படத்தில் கே. வி. ரெட்டியின் உதவியாளர்களுள் ஒருவராகப் பணியாற்றிய இளைஞர் சிங்கீதம் சீனிவாச ராவ். 'ராஜபார்வை', 'அபூர்வ சகோதரர்கள்' ஆகிய தமிழ்ப் படங்களின் இயக்குநராக அவரை அறிவோம். அவரே 51 ஆண்டுகள் கழித்து, 2008இல், 'கடோத்கச்' என்னும் அசைவூட்டப் படத்தை இயக்கினார். சிறுவனான கடோத்கசனும் அவன் தோழனான யானைக்குட்டியும் அதில் உலவுகிறார்கள். நடிகரின் உடலை நம்பியிருந்த உருவம் இப்போது ஓவியனின் கைக்கு வந்தது.

அசைவூட்டக் கலையில் ஒரு வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு வளைவும் ஓவியனின் முடிவாகும். கூரிய கோணங்கள் அச்சத்தையும், உருண்ட வடிவங்கள் நெருக்கத்தையும் தருகின்றன. கண்களைப் பெரிதாக்கி, கன்னத்தைத் திரட்டினால் அரக்கனும் குழந்தையாகிவிடுவான். புள்ளமங்கை முதலிய சோழர் கோயில்களில், கபோதத்தின் கீழ் தொந்தியும் சிரிப்புமாய் ஆடிப் பாடும் பூதவரியைச் செதுக்கிய சிற்பிகள் இந்த நுட்பத்தை நன்கு அறிந்திருந்தனர். வரிசையாக அமைந்த அப்பூதங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தால், ஒரே பூதம் பல நிலைகளில் அசைவதுபோன்ற மயக்கமும் உண்டாகும்.

1999இல் வெளியான 'தி அயர்ன் ஜயண்ட்' என்னும் அமெரிக்க அசைவூட்டப் படத்தையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். விண்ணிலிருந்து விழுந்த இரும்புப் பேருருவுக்கும் ஒரு சிறுவனுக்கும் இடையிலான நட்பே அதன் கதை. கதை நிகழும் ஆண்டு, தற்செயலாக, 'மாயா பஜார்' வெளிவந்த அதே 1957. ஊரார் அஞ்சுகின்றனர், படை வருகிறது, முடிவில் ஊரை அழிக்க வரும் ஏவுகணையைப் பேருரு தன் விருப்பத்தோடு வானில் எதிர்கொள்கிறது.

கடோத்கசனும் பிறருக்கான படைக்கலத்தை ஏற்றவனே. ஆனால் அவன் அனுப்பப்பட்டவன். 'மாயா பஜார்' திருமணத்தோடு நின்றுவிடுகிறது. பாரதப் பிரசங்கியார் அங்கே நிற்பதில்லை. பதினான்காம் நாள் போர் இரவிலும் தொடர்ந்தது. இந்திரன் தந்த சக்தி வேலைக் கர்ணன் அருச்சுனனுக்காக வைத்திருந்தான், ஒருமுறையே எறியத்தக்கது. அதை அறிந்த கண்ணன் கடோத்கசனைக் கர்ணன்மேல் ஏவினான். வேல் பாய்ந்தது. சாகும் வேளையிலும் உடலைப் பெருக்கி, கௌரவர் சேனைமேல் விழுந்து மடிந்தான் அவன். பாண்டவர் அழ, கண்ணன் மகிழ்ந்து ஆடினான். வேள்விக்குப் பகைவனாகிய அவனைக் கர்ணன் கொல்லாவிட்டால் தானே கொல்ல நேர்ந்திருக்கும் என்றும் கண்ணன் கூறுவதாக வியாச பாரதம் உரைக்கிறது. உயிரைக் கொடுத்த பின்னும் அவன் குலம் அவனை விட்டு விலகவில்லை.

அந்த இரவில் அவனை வேறுவிதமாக நினைத்தவன் தருமன். வெற்றியையும் வேலையும் அவன் பேசவில்லை. காட்டில் திரௌபதி களைத்தபோது அவளைச் சுமந்து நடந்தவன் அவன் என்பதைச் சொல்லி அழுதான்.