தலசீமியா: பூட்டிய பரம்பரை அலகும் திறக்கும் நொதியமும்

கொள்ளுப்பிட்டியிலும் சரி, கொட்டாஞ்சேனையிலும் சரி, நிக்காஹ் பேசும்போது குடும்பம், தொழில், மார்க்கப்பற்று எல்லாம் விசாரிக்கிறோம். குருதியைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. கணவன், மனைவி இருவரும் தலசீமியா காவிகளாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்நோய் வர 25 சதவீத வாய்ப்புண்டு. கடும் தலசீமியா உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுவதும், குருதி ஏற்ற வேண்டும்.

ஆனால் பீட்டா தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தை முதல் சில மாதங்கள் நலமாகவே இருக்கும். காரணம், கருவில் இருக்கும்போது உருவான வேறுவகை ஈமோகுளோபின். அதற்கான காமா பரம்பரை அலகு பிறந்த பின் மெல்ல ஓய்ந்துவிடுகிறது. அது அழிவதில்லை, பூட்டப்படுகிறது.

அந்தப் பூட்டு எப்படிப்பட்டது? ஒவ்வொரு கலத்திலும் சுமார் 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ., ஹிஸ்டோன் எனும் புரதங்களைச் சுற்றி, கட்டையில் சுற்றிய நூல்போல இருக்கிறது. இதுவே குரோமற்றின். இறுகச் சுற்றிய பகுதியைக் கலத்தால் வாசிக்க முடியாது. சில நொதியங்கள் ஹிஸ்டோனில் அசற்றைல் எனும் சிறு கூறை ஒட்டிச் சுற்றைத் தளர்த்துகின்றன. வேறு சில அதைக் கழற்றி இறுக்குகின்றன. எழுத்து மாறுவதில்லை, ஏடு திறப்பதும் மூடுவதுமே மாறுகிறது.

கழற்றும் நொதியத்தைத் தடுத்தால் பூட்டுத் திறக்குமா? களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தைச் சேர்ந்த பேராசிரியர் சச்சித் மெத்தானந்த, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்களுடன் இதை ஆராய்ந்தார். அந்நொதியத்தைத் தடுக்கும் வொரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து, ஆய்வுகூடக் கலங்களில் காமா உற்பத்தியைக் கூட்டி, செங்குருதிக் கலங்களைச் சிதைக்கும் மிகையான அல்பா உற்பத்தியைக் குறைத்ததாக 2019இல் அவர்கள் அறிவித்தார்கள்.

இது ஆய்வுகூட முடிவு. பிள்ளைக்குக் கொடுக்கும் மருந்தாக இன்னும் வரவில்லை. நோய்க்கு நிவாரணம் உண்டு என்று நம்பும் நாம், அதைத் தேடும் இத்தகைய ஆய்வுகளுக்கு நம் பிள்ளைகளையும் அனுப்ப வேண்டும்.

அதுவரை நம் கையில் இருப்பது எளிய குருதிப் பரிசோதனை. நெருங்கிய சொந்தத்தில் மணமுடிக்கும் குடும்பங்களுக்கு அது இன்னும் அவசியம். காவியாக இருப்பது நோயுமல்ல, குறையுமல்ல. பள்ளிவாசல் நிர்வாகங்கள் நிக்காஹ் பதிவுக்கு முன் இதை நினைவூட்டினால், ஒரு பிள்ளையின் வாழ்நாள் வேதனையைத் தவிர்க்கலாம்.