சமமா, நியாயமா? பகிர்வு குறித்து வளரும் மனம்

எரியோடு பகுதியில் முதலில் தொடக்க வகுப்புகளுக்குக் கற்பித்தேன். இப்போது ஒன்பதாம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். சிறுவர்களிடம் எதைக் கொடுத்தாலும், “எல்லாருக்கும் ஒண்ணுதானே சார்?” என்பார்கள். பெரியவர்களோ, “வேலை செஞ்சவங்களுக்குத்தானே சார் மார்க்?” என்கிறார்கள். வளர வளர மாணவர்கள் சுயநலமாகிவிடுகிறார்களா? ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

சுவிட்சர்லாந்தில் 3 முதல் 8 வயதுக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2008இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. இரண்டு மிட்டாயையும் தானே வைத்துக்கொள்வதா, ஆளுக்கு ஒன்றாகப் பிரிப்பதா என்று கேட்டபோது 3, 4 வயதினரில் மிகச் சிலரே பிரித்தனர். 7, 8 வயதினரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிரித்தனர். ஆக, சமமாகப் பகிரும் எண்ணம் நம் தொடக்க வகுப்புகளின் வயதில்தான் வலுப்பெறுகிறது.

அடுத்த மாற்றத்தை நார்வே ஆய்வு காட்டியது. ‘சயின்ஸ்’ இதழில் 2010இல் வெளியான இதில், மாணவர்கள் கணினியில் வேலை செய்து ஈட்டிய தொகையைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டனர். ஐந்தாம் வகுப்பினரில் பெரும்பாலோர் சமப் பங்கை விரும்பினர். மேல்நிலை வகுப்பினரில் பலர் உழைப்புக்கேற்ற பங்கே நியாயம் என்றனர். ஆனால் வெறும் அதிர்ஷ்டத்தால் கிடைத்த கூடுதல் தொகையை அவர்கள் உழைப்பாகக் கருதவில்லை. இங்கே மாறுவது நியாயத்தின் அளவுகோல்.

இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. தனக்குக் குறைவாகக் கிடைப்பதை மறுக்கும் குணம் ஏழு நாடுகளிலும் தென்பட்டது. தனக்கு அதிகமாகக் கிடைப்பதையும் அநியாயம் என்று மறுக்கும் குணமோ கனடா, அமெரிக்கா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே, சற்று வளர்ந்த குழந்தைகளிடம் தென்பட்டது. இந்த இரண்டாவது குணம் தானாக வருவதில்லை. சூழல் கற்றுத்தர வேண்டும்.

நமக்கு இதில் என்ன வேலை? குழுச் செயல்திட்டத்தில் ஒரு மாணவன் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று என் வகுப்பில் மற்றவர்கள் கூறினர். அவன் ஐந்து நாளில் இரண்டு நாள்தான் வந்திருந்தான். விசாரித்தபோது, தாய் மில்லுக்குப் பகல் ஷிப்ட் போனதால் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று தெரிந்தது. “அவன் உழைக்கவில்லையா, உழைக்க வாய்ப்பில்லையா?” என்று மட்டும் கேட்டேன். நெடுநேரம் விவாதித்தார்கள். மீதமிருந்த படங்களை அவன் வரைந்து முடிக்கட்டும், பெயரும் சேரட்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். ஒருவர் மட்டும் கடைசிவரை ஏற்கவில்லை. அந்தக் கருத்தையும் மதித்தோம்.

உழைப்புக்கேற்ற பங்கு என்பது நல்ல எண்ணமே. ஆனால் உழைப்பையும் வாய்ப்பையும் பிரித்துப் பார்க்கப் பழகாவிட்டால், ‘இல்லாதவர் உழைக்காதவர்’ என்ற முடிவுக்கு அது இட்டுச் செல்லும். வறுமையில் வளரும் பிள்ளை தன்னைப் பற்றியே அப்படி நம்பத் தொடங்குவது இன்னும் ஆபத்து.

தொடக்க வகுப்புகளில் பொருள்களைப் பங்கிடும் பொறுப்பைச் சுழற்சி முறையில் மாணவர்களிடமே கொடுக்கலாம். பங்கிடுபவர் கடைசியில் எடுத்துக்கொள்வது என்ற ஒரு விதி போதும். ஆறாம் வகுப்புக்கு மேல், மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பதைச் செயல்திட்டம் தொடங்கும் முன்பே குழுவாகப் பேசி எழுதி வைக்கச் சொல்லலாம். யாருக்கு எவ்வளவு என்பதோடு, ஏன் என்பதையும் அவர்கள் சொல்ல வேண்டும். அந்த ‘ஏன்’ என்பதில்தான் நம் கற்பித்தல் தொடங்குகிறது.