காய்ச்சலை ஏன் எண்ண வேண்டும்?

தோழர்களே, காய்ச்சல் வந்தால் "பெனடோல் போட்டா போயிடும்" என்று லயத்திலேயே படுத்துவிடாதீர்கள். பதிவேட்டில் ஏறாத காய்ச்சலுக்கு யாரும் மருந்தடிக்க வரமாட்டார்கள்.

1901இல் கிள்ளானிலும் அதன் துறைமுகத்திலும் காய்ச்சலால் மாண்டவர்கள் 368 பேர். அங்கிருந்த டாக்டர் மால்கம் வாட்சன் சாவுக் கணக்கைக் காட்டி, சதுப்பை வடிக்கச் சொன்னார். வடித்தார்கள். 1902இல் 59 பேர்தான். பிறகு தோட்டந்தோட்டமாகப் போய், பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டு, மண்ணீரல் வீங்கியவர்களை எண்ணினார். மலைத்தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. அங்கே வெயில் படும் தெளிந்த ஓடையில்தான் கொசு வளர்ந்தது. அதனால் குழாய் போட்டுத் தண்ணீரை மண்ணுக்கடியில் விட்டார்கள்.

இன்று நம் நாட்டில் தொல்லை குரங்கு மலேரியா. ஆளையே கொல்லும். காட்டோரம் வேலை செய்கிறவர்களே, ரத்தம் சோதிக்கக் கேளுங்கள். எங்கே வேலை செய்தீர்கள், என்றைக்குக் காய்ச்சல் ஆரம்பித்தது என்பதையும் சொல்லுங்கள்.