எண்ணெய்க் கிணறுகளும் உள்ளூர்க் கொள்முதலும்

காவிரிப் படுகையில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் ஓ.என்.ஜி.ஸி. ஸ்தாபனத்தின் பிராந்தியக் காரியாலயம், காரைக்காலை அடுத்த நிரவியில் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றையும் சுரங்கம் என்றே 1952-ஆம் வருஷத்துச் சட்டம் கொண்டது. எந்தச் சுரங்கத்திலும் சாமான் தட்டுப்பட்டால் வேலை நிற்கும். நின்ற யந்திரத்துக்கும் கூலியும் வாடகையும் நிற்பதில்லை. ஆகவே கொள்முதலை வெறும் குமாஸ்தா வேலையென எண்ணலாகாது.

துளையிடுவதற்கு வேண்டிய சரக்குகளுட் சில தூரத்தினின்றே வரவேண்டும். சேற்றுக்குக் கனம் தரும் பாரைட் ஆந்திர தேசத்து மங்கம்பேட்டையிலும், பென்டோனைட் களிமண் கட்ச் பிரதேசத்திலும் கிடைப்பவை. 2021 மார்ச்சில் ஒரே கப்பல் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடக்க, உலகமெங்கும் சரக்குகள் தாமதித்தன. 2018 நவம்பரில் கஜா புயல் இக்கரையைச் சூறையாடியது. இத்தகைய சாமான்களை, விதைநெல்லைக் காக்கும் குடியானவனைப் போல், முன்கூட்டியே சேமித்து வைப்பதே விவேகம். கிணறு சீறாமல் தடுக்கும் கருவிக்குப் பதிலாக அகப்பட்டதை வாங்கிப் பொருத்துவது சிக்கனமன்று. தொழிலாளரின் உயிரோடு விளையாடுவதாகும்.

ஆனால் சாப்பாடு, வண்டி வாடகை, ஜல்லி, தச்சு வேலை, சில்லறைப் பழுது முதலியவற்றுக்குத் தொலைதூரம் போவானேன்? இங்கே சட்டம் துணை செய்யும் என்று பலர் நம்புகின்றனர். சர்க்கார் ஸ்தாபனங்கள் சிறு தொழில்களிடம் வாங்க வேண்டும் என்று 2012-ல் உத்தரவாயிற்று. அதன் அளவு 2018-ல் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்தது. எனினும் அவ்வுத்தரவு சிறியவரைக் குறிக்கிறதேயன்றி உள்ளூராரைக் குறிக்கவில்லை. தில்லியிலுள்ள சிறு தொழிலாரிடம் வாங்கினாலும் கணக்கு நேராகிவிடும்! வயலுக்கருகே கிணறு தோண்டுவதைச் சகிக்கும் ஜனங்களுக்கு அதனால் என்ன லாபம்?

தாமதமாகும் பட்டுவாடா மற்றொரு கேடு. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி சிறு தொழிலாருக்கு 45 நாளுக்குமேல் பணம் நிறுத்தலாகாது. மீறினால் ரிசர்வ் பாங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி உண்டு. ஆனால் அடுத்த ஆர்டரை எதிர்பார்த்திருக்கும் சிறு வியாபாரி வட்டி கேட்கத் துணிவானா?

உள்ளூரில் கிடைப்பனவற்றின் ஜாபிதாவை நிர்வாகஸ்தர்கள் வருஷந்தோறும் பகிரங்கப்படுத்தி, தரத்தையும் முன்னரே தெரிவிக்க வேண்டும். வியாபாரிகளும் தரத்தில் குறைவைக்காது, தட்டுப்பாட்டுக் காலத்தில் விலையேற்றாது நடக்க வேண்டும். சலுகை கோருவது நமது நோக்கமன்று. நியாயமான வாய்ப்பையே கோருகிறோம்.